கிடைத்ததா, வாங்கினீர்களா?

கேள்வி: சிறு பதிப்பகம் ஒன்று போட்ட ஹைக்கூ தொகுப்பு கிடைத்தது, ஜப்பானிய பாணிக் குறுங்கவிதைகள். பக்கத்துக்கு மூன்றே வரி, மீதி வெள்ளைத்தாள். காகிதம் வீண் இல்லையா? இதையெல்லாம் எப்படி ரசிப்பது?
— ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பதில்: ‘கிடைத்தது’ என்கிறீர்களே, வாங்கவில்லையா? தமிழில் கவிதைப் புத்தகம் எல்லாருக்கும் கிடைக்கும், யாரும் வாங்குவதில்லை. விழாவில் கிடைக்கும். கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காயோடு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்கு வாருங்கள். ‘பேரன்புடன்’ என்று கவிஞர் கையெழுத்துப் போட்ட பிரதி, பழைய ஜீன்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் புரட்டாத பக்கங்களோடு கிடைக்கும். யாருக்குக் கொடுத்தார் என்ற பெயரும் உள்ளே இருக்கும். அந்தப் பெயர்களைப் பார்த்தே நான் சிலரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறேன்.

வெள்ளைத்தாள் வீணில்லை ஐயா. அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை, பொன்னாடைப் படம் என்று முன்னாலேயே பக்கம் பக்கமாகப் போகிறதே, அதற்கு அழுங்கள். மூன்று வரிக்கு ஏழு பக்கம் அணிந்துரை எழுதுகிற பேராசிரியர்கள் என்னை ஏற்கெனவே கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. எனக்கும் மாலை நேரம் மிச்சம்.

பாரதி இந்தப் புதுச்சேரியில் இருந்துகொண்டுதான் 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சொற்சுருக்கத்தைப் பாராட்டி எழுதினார். மூன்றடிப் பாட்டு நமக்குப் புதிதும் அல்ல, ஐங்குறுநூற்றிலேயே உண்டு. பிறகும் நம்மவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. மாதிரிக்கு நானே ஒன்று கட்டுகிறேன்:

துறைமுகத்தில்
வலை காய்கிறது
ஏழையின் வயிறும்தான்!

மூன்றாவது வரியில் கவிஞர் மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டார். கைதட்டல் விழும், கவிதை போயிற்று. மனிதர்களைக் கிண்டலடிக்க ஜப்பானியர்கள் சென்ரியு என்று தனிக் கவிதை வடிவமே வைத்திருக்கிறார்கள், ஆசையிருந்தால் அங்கே போகலாம். அதே வலையை இப்படிப் பாருங்கள்:

துறைமுகத்தில் வலை காய்கிறது
ஒரு கண்ணியில் இன்னும்
நண்டின் கால்

மீனவர் வீட்டு நிலவரத்தை இது சொல்லவில்லை. ஆனால் யாரோ அவசரமாக உதறியிருக்கிறார், வலை முழுக்கச் சுத்தமாகவில்லை, நண்டு மிச்சக் கால்களோடு எங்கோ போயிருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் யோசிப்பதற்குத்தான் கீழே அந்த வெள்ளை இடம். பஸ்ஸில் ஒரே மூச்சில் தொகுப்பை முடித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். ஒன்றைப் படித்து மூடிவையுங்கள். நாலு தேறினாலே நல்ல தொகுப்பு.

ஆச்சரியக்குறி கண்ணில் பட்டால் மட்டும் தயங்காமல் பக்கத்தைப் புரட்டுங்கள். அதற்கென்றே எங்கள் ஊரில் பிறந்தநாள் பேனர்கள் இருக்கின்றன.