எங்கே போவதென்று தெரியாமல் பஸ் ஏறுகிறேன்

அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 63 வயது. மதுரையில் டவுன் பஸ் கண்டக்டராக 31 வருடம் வேலை பார்த்தேன், ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது. ரிட்டயர் ஆன கொஞ்ச நாளிலேயே வீட்டம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. சர்க்கரை, அப்புறம் கிட்னி. ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தோம். அவள் போய் இப்போது ஒன்றரை வருடம்.

மகன் வீட்டில்தான் இருக்கிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், பேரன் எட்டாவது படிக்கிறான். யாரையும் குறை சொல்ல முடியாது, நல்ல பிள்ளைகள். ஆனால் காலை எட்டரை மணிக்கு வீடு காலியானால் சாயந்திரம்தான் ஆள் வருகிறது. வந்தாலும் ஆளுக்கொரு போன். "சாப்பிட்டீங்களா மாமா" என்ற ஒரு கேள்வியோடு என் நாள் முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு பேரிடம் பேசியவன் நான், இப்போது சில நாள் மத்தியானம் போன் வந்தால் எடுத்து ஹலோ சொல்லும்போது என் குரலே எனக்கு கரகரவென்று இருக்கிறது.

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் மூத்த குடிமக்கள் மன்றம் ஒன்று இருக்கிறது, போனேன். முதல் நாளே "எந்தப் பதவியில ரிட்டயர் ஆனீங்க?" என்று கேட்டார்கள். கண்டக்டர் என்றேன். "அப்படியா" என்றார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அதில் வருத்தமில்லை, ஆனால் போன ஆறு வாரமும் நான்தான் போட்டேன். அப்புறம் மகன் ஒரு ஜிம்மில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டான். அங்கே இருந்த பையன் "தாத்தா, நீங்க சும்மா சைக்கிள் மிதிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முட்டி வலி வேறு. நாலு நாளில் நின்றுவிட்டேன்.

இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா, பத்து மணிக்கு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி கடைசி ஸ்டாப் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். வீட்டில் சொல்லவில்லை. போன வாரம் ஒரு பெண், கையில் குழந்தையோடு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்கி எப்படி மாறுவது என்று தெரியாமல் நின்றது. கூடவே இறங்கி, சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்தாவதோடு நின்ற படிப்பு. மேலே படிக்க ஆசை, சொன்னால் மகன் சிரிக்கிறான். சில ராத்திரி, இருந்து என்ன செய்யப்போகிறோம் என்று தோன்றுகிறது. என்னைப் போன்றவனுக்குப் போக இடம் இருக்கிறதா, சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், மதுரை.

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணைப் பற்றிய வரிகளைத்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த ராத்திரி எண்ணத்தைப் பேசிவிடலாம்.

"இருந்து என்ன செய்யப்போகிறோம்" என்பது வெறும் சலிப்பாக வந்து போகிறதா, இல்லை உயிரை விட்டுவிடலாம் என்ற அளவுக்குப் போகிறதா? இரண்டாவது என்றால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மகனை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சலிப்புதான் என்றாலும், தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு முறை காட்டிவிடுங்கள். முட்டி வலிக்கு டாக்டரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இன்னொன்று. மூன்று வருடமாக ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதல் ஒன்றரை வருடம் நீங்கள் வீட்டம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தீர்கள், மருந்து நேரம், சாப்பாட்டுக் கணக்கு, ஆஸ்பத்திரி வரிசை என்று கண்டக்டர் வேலையைவிடக் கடினமான வேலை அது. அவர் போன அன்றுதான் உங்களுக்கு வேலையும் போனது, துணையும் போனது, இரண்டும் ஒரே நாளில். அதனால் இது சோம்பலோ வயசுக் கோளாறோ இல்லை ஐயா. துக்கம்தான். மகன் வீட்டில் அவரைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? பேசாவிட்டால் நீங்கள் ஆரம்பியுங்கள். அவர்களும் உங்களுக்கு வலிக்குமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

மன்றத்துக்குத் திரும்பப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு வாரம் போய்ப் பார்த்தீர்கள், போதும். ஓய்வுக்குப் பிறகும் பதவியைக் கழற்றாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்கள் நடுவில் உட்கார்ந்து உங்கள் 31 வருடத்தை நீங்களே சின்னதாகப் பார்க்க ஆரம்பித்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அது மட்டுமில்லை, வயதானவர்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்து உட்காரும் இடம் உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்ணைப் பஸ் ஏற்றிவிட்ட அன்று உங்களுக்குப் பசித்தது, ஏனென்றால் அன்றைக்கு உங்களிடம் ஒருவருக்கு வேலை இருந்தது. அப்படிப்பட்ட இடமாகத்தான் தேட வேண்டும்: குறிப்பிட்ட நாளில் போக வேண்டும், போகாவிட்டால் "ஏன் வரலை?" என்று யாராவது கேட்க வேண்டும்.

என் மனதில் முதலில் வந்தது பார்வையற்ற மாணவர்கள். உங்கள் ஊர்க் கல்லூரிகளில் அவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. இந்த மாணவர்களுக்குப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட, போனில் பதிவு செய்து தர, தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் வேண்டும். தேர்வு நெருங்கும்போது எழுத ஆள் கிடைக்காமல் அவர்கள் படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், எழுதித் தருபவரின் படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பட்டதாரி ஒருவர் கல்லூரித் தேர்வுக்கு எழுதித் தரப் போனால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பத்தாவது படித்த உங்களை ஏற்றுக்கொள்வார்கள். மூன்று மணி நேரம் நிதானமாக, சொன்னதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கணக்கான இன்வாய்ஸ் எழுதிய கைக்கு இது பழக்கமான வேலைதான். குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அந்தக் கரகரப்பு ஒரே வாரத்தில் போய்விடும்.

நேரில் போய், "நான் எழுதித் தருகிறேன், வாசித்துக் காட்டுகிறேன்" என்று கல்லூரி அலுவலகத்திலும் சங்கத்திலும் பெயரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் வாரமே கூப்பிடவில்லை என்று மனம் விடாதீர்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை போய் நில்லுங்கள். மாலை நேரம்தான் தோது என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 15 வயதைத் தாண்டியும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது, பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் "இது எங்கே போகுது?" என்று கேட்டுக் கேட்டு ஏறியவர்களை உங்களைவிட யார் அதிகம் பார்த்திருப்பார்கள்?

சரி, உங்கள் படிப்பு. மகன் சிரித்தால் சிரிக்கட்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு அதிகபட்ச வயது வரம்பே கிடையாது. ஆனால் உடனே விண்ணப்பம் வாங்கிவிடாதீர்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு முதலில் ஒரு மாதம் போய் உட்காருங்கள். அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கும்பலாக இருப்பார்கள், நடுவில் நீங்களும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் என்ன பதவி என்று கேட்கமாட்டார்கள். உங்களுக்கு உண்மையில் பிடித்தது பாடமா, சரித்திரமா, வேறு எதுவுமா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு தேர்வைப் பற்றி யோசிக்கலாம்.

உடம்புக்கு வருகிறேன். நீங்கள் 31 வருடம் ஓடுகிற வண்டியில் கைப்பிடி பிடிக்காமல் நின்றவர். உடம்பை நிலை தடுமாறாமல் நிறுத்துவதற்கு அதைவிடப் பெரிய பயிற்சி இல்லை, மூன்று வருடமாக அது நின்றுபோயிருக்கிறது. வயதானவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் வேகமாக நடக்கட்டும், 65ஐத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தடுமாற்றத்தைத் தடுக்கும் பயிற்சியும் செய்யட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைவதற்கு அஞ்சித்தான் இதைச் சொல்கிறார்கள். உங்களுக்கு 65 ஆகவில்லை, இப்போதே ஆரம்பிப்பது நல்லது. முட்டியை டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால் வீட்டிலேயே கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், சுவர் ஓரமாக நின்று ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். ஜிம் வேண்டாம்.

கூட்டத்தோடு நடக்க ஆசையாக இருந்தால், "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 2023 நவம்பரில் தொடங்கிய நடைபயிற்சி ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் பாதையில், மாதத்தின் முதல் ஞாயிறு நடக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அங்கேயே பார்ப்பார்கள், 8 கிலோமீட்டரையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது மதுரையின் பசுமை நடை. கீழக்குயில்குடி சமணர் மலை, யானைமலை என்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூட்டிப்போய் சிற்பத்தையும் கல்வெட்டையும் விளக்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை வருவார்கள். மலை ஏற முடியாவிட்டால் அடிவாரத்து ஆலமரத்தடியில் உட்கார்ந்திருங்கள், அதுவே போதும். பேரனையும் கூட்டிப் போங்கள். வீட்டில் போனைப் பார்க்கிற பையன் வெளியே உங்களோடு எப்படிப் பேசுகிறான் என்று பாருங்கள், கீழக்குயில்குடிக்கு எந்த பஸ்ஸில் எங்கே மாற வேண்டும் என்பதை அவன் உங்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து நாலு தடவையாவது போங்கள், புது ரூட்டில் டூட்டி போட்டபோது ஸ்டேஜும் ஆட்களும் பிடிபட எத்தனை நாள் ஆனது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி பஸ்ஸையும் விட வேண்டாம். வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை மட்டும் கடைசி ஸ்டாப்புக்குப் பதிலாகக் கல்லூரி வாசலில் இறங்குங்கள். யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.