தானெட்டைக் கேளுங்கள்

கேள்வி: 2025 மே மாதம் நடந்த இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 677 இடங்களையும் 10 கவுன்சில்களையும் (உள்ளாட்சி மன்றங்கள்) அள்ளியதே! அடுத்த பிரதமர் அவர்தான் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாமா?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: பென்சிலால் எழுதி வையுங்கள்.

ஃபராஜ் கவுன்சில் பிடிப்பது இது முதல் தடவை இல்லை. 2015 மே மாதம், தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் இருக்கும் தானெட் கவுன்சிலை அவருடைய பழைய கட்சியான யூகிப் (ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சி) பிடித்தது. 56 இடங்களில் 33. அந்தக் கட்சியின் கைக்கு வந்த முதல் மாவட்டக் கவுன்சில் அது. வேடிக்கை என்னவென்றால், அதே நாள் நடந்த பொதுத்தேர்தலில் சவுத் தானெட் தொகுதியில் நின்ற ஃபராஜ் தோற்றுப்போனார். சரி, கவுன்சிலாவது நிலைத்ததா? மூடிக்கிடந்த மான்ஸ்டன் விமான நிலையத்தைத் திறப்போம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்கள், பதவிக்கு வந்த பிறகு அதற்காக அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் திட்டத்திலிருந்து பின்வாங்கினார்கள். சொந்தக் கட்சிக்காரர்களே கோபித்துக்கொண்டு வெளியேற, ஆறு மாதத்துக்குள் பெரும்பான்மை காலி.

இந்த முறை அலை பெரியது, மறுக்கவில்லை. கென்ட் கவுண்டி கவுன்சில் 1997 முதல் கன்சர்வேட்டிவ் கையில் இருந்தது. 2025 தேர்தலில் 81 இடங்களில் 57 ரிஃபார்முக்கு. கன்சர்வேட்டிவுக்கு மிஞ்சியது 5. ஆனால் நாடு முழுவதற்கும் பிபிசி கணித்த ரிஃபார்மின் ஓட்டு 30 சதவீதம்தான். எதிர் ஓட்டு நான்கைந்து கட்சிகளுக்குச் சிதறினால், ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கி முதலில் வந்தவருக்கே வெற்றி, 30 சதவீதமே போதும். 2015-இல் 38 லட்சம் ஓட்டுக்கு ஒரே ஒரு எம்.பி.யைத் தந்து யூகிப்பைக் கவிழ்த்ததும் இதே தேர்தல் முறைதான்!

வட இங்கிலாந்தின் டான்காஸ்டரைப் பாருங்கள். ஒரே நாள், ஒரே ஊர். கவுன்சில் ரிஃபார்முக்குப் போனது. மேயர் பதவியைத் தொழிற்கட்சியின் ராஸ் ஜோன்ஸ் 698 ஓட்டு வித்தியாசத்தில் தக்கவைத்தார். ஜெயித்த கையோடு அவர் செய்த முதல் காரியம், முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையில் கைவைத்த தன் கட்சி அரசையே விளாசியது. மக்கள் கோபம் லண்டனில் இருக்கும் அரசின் மீது என்பது அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது.

இதில் அடிபட்டது கவுன்சிலர்கள். கோபம் குடியேற்றம் பற்றியது என்றால், ஆங்கிலக் கால்வாயைக் கடந்து குடியேறிகளை ஏற்றி வரும் ஒரு படகைக்கூட கென்ட் கவுன்சிலால் நிறுத்த முடியாது. இன்னும் கேளுங்கள்: கென்ட்டின் டோவர் துறைமுகக் கரையில் பெற்றோர் இல்லாமல் வந்து இறங்கும் அகதிச் சிறுவர்களுக்கு இடமும் பராமரிப்பும் கொடுப்பது அந்தக் கவுன்சிலின் சட்டக் கடமை! அங்கே யார் ஜெயித்தாலும் இது மாறாது. கவுன்சிலின் பணத்தில் பெரும்பகுதி முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் பராமரிப்புக்கே போய்விடுகிறது. அதுவும் சட்டப்படி செய்தாக வேண்டியது. வரியை 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்ற நினைத்தால் மக்களிடம் தனி வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வீண்செலவைப் பிடிக்கிறோம் என்று, அமெரிக்க அரசில் செலவு குறைக்க எலான் மஸ்க் நடத்திய 'டோஜ்' அமைப்பின் பெயரையே வைத்து ஒரு குழுவை ரிஃபார்ம் கட்சியினர் முதலில் கென்ட்டுக்குத்தான் அனுப்பினார்கள். வெட்டுவதற்கு அங்கே கொழுப்பு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொதுத்தேர்தலுக்கு 2029 ஆகஸ்ட் வரை அவகாசம் இருக்கிறது. அதுவரை ஒவ்வோர் ஏப்ரலிலும் கென்ட் வீடுகளுக்குக் கவுன்சில் வரி பில் வரும். முன்பெல்லாம் அதைப் பார்த்துத் திட்டுவதற்கு கன்சர்வேட்டிவ் கட்சி இருந்தது.