நாலு லட்ச ரூபாய் ரோடு பைக்: கடையில் எடுப்பதா, நாமே கோர்ப்பதா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். மெஷின் ஷாப்பில் ஃபிட்டர் வேலை. சில வருடமாக ஒரு அலுமினிய ரோடு பைக் ஓட்டுகிறேன். விடிகாலையில் எண்ணூர் வரை, ஞாயிற்றுக்கிழமை என்றால் பழவேற்காடு வரை. அடுத்து ஒரு கார்பன் வண்டிக்காக நாலு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஃப்ரேம், கியரும் பிரேக்கும் சேர்ந்த க்ரூப்செட், வீல் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நானே கோர்த்தால் காசு மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. அந்தக் கணக்கை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டிக் கம்பெனிகள் க்ரூப்செட்டை மொத்தமாக வாங்கும் விலை நமக்குக் கிடைக்காது. ஒவ்வொன்றையும் சில்லறையில் வாங்கிக் கூட்டினால், அதே தரத்தில் கடையில் நிற்கும் முழு வண்டியைவிட அநேகமாக எப்போதும் அதிகம்தான் வரும். வெளிநாட்டிலிருந்து ஃப்ரேம் தருவித்தால் இன்னும் மோசம். சுங்க வரியை ஃப்ரேம் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்பும் செலவையும் சேர்த்த மதிப்புக்குப் போடுகிறார்கள். அதற்கு மேல் ஐஜிஎஸ்டி. நாளைக்கு ஃப்ரேமில் விரிசல் விட்டால் வாரண்டிக்காக அதே கடைக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், மிதி அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டுக்கான கருவி, பின் சக்கரப் பல் தொகுப்பான கேசட்டுக்கான கருவி, பிரேக்குக்கு ஆயில் நிரப்பும் கிட் எல்லாம் சேர்த்தால் நல்ல டயர் செட் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும்.

இத்தனையும் தெரிந்துகொண்டு, உங்களுக்கு நான் சொல்வது: நீங்களே கோர்த்துவிடுங்கள். காரணம் நீங்கள் ஓட்டும் இடம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் வீசும் உப்புக் காற்று சைக்கிளை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, ஓட்டும்போது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் மேல் சொட்டும் வியர்வை. இந்த மூன்றும் சேர்ந்து முதலில் பிடிப்பது ஹெட்செட்டின், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியின், மேல் பேரிங்கை. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் கடக்கென்று உட்காரும். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் இருந்த இடத்தில் துருச் சேறு. பழைய மாதிரி வண்டியில் இது ஒரு மணி நேர வேலை. இப்போது உங்கள் பட்ஜெட்டில் கடையில் நிற்கும் பல வண்டிகளில் பிரேக் குழாய் ஹேண்டில்பாருக்குள் போய், ஹெட்செட் வழியாகவே ஃப்ரேமுக்குள் இறங்குகிறது. பார்க்க அழகுதான். ஆனால் பெரும்பாலும் மேல் பேரிங்கை மாற்ற பிரேக் குழாயைக் கழற்றி, திரும்பக் கோர்த்து, ஆயில் நிரப்பி, காற்று எடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் பராமரிப்பு அரை நாள் வேலை ஆகிவிடும். அதனாலேயே பலர் அதைத் திறப்பதே இல்லை.

நீங்களே கோர்த்தால் இதைத் தவிர்க்கலாம். குழாய் ஃப்ரேமின் பக்கவாட்டுத் துளை வழியாக நுழையும் ஃப்ரேமாகத் தேடுங்கள். கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், ஆனால் இருக்கிறது. ஹெட்செட் பேரிங்கில் ஒரு ஸ்பேர் செட்டை ஃப்ரேமோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அது சாய்வு விளிம்பு கொண்ட சைக்கிள் பேரிங், பாரிமுனை பேரிங் கடையில் கேட்டால் கிடைக்காது. வீல் ஹப் விஷயம் வேறு. 6902, 6802 மாதிரி சாதாரண இண்டஸ்ட்ரியல் சைஸ் பேரிங் போட்ட ஹப்பாகத் தேர்ந்தெடுத்தால், உங்கள் பட்டறைக்கு வாங்கும் இடத்திலேயே அதையும் வாங்கிக்கொள்ளலாம். சீல் வைத்த நல்ல கம்பெனி பேரிங்காக எடுங்கள்.

அடுத்தது பாட்டம் பிராக்கெட். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: மரை உள்ள ஃப்ரேம்தான் வேண்டும். பிஎஸ்ஏ அல்லது டி47 என்ற மரை வகை. பிரஸ்ஃபிட் வகையில், உதாரணத்துக்கு பிபி86ல், 41 மில்லிமீட்டர் துளைக்குள் கப்பை அழுத்தி ஏற்றுகிறார்கள். அந்தத் துளை துல்லியமாக வட்டமாகவும் இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டிலும் இருந்தால்தான் சத்தமில்லாமல் ஓடும். டாலரன்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கார்பன் மோல்டில் அது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. நடுவில் உப்பும் தூசியும் புகுந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முனகல் கேட்கும். மரை உள்ளதைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினால் முடிந்தது. பிஎஸ்ஏவில் செயின் பக்கக் கப்புக்கு இடது மரை. மறந்து வலது மரை என்று இறுக்கினால் ஃப்ரேம் போச்சு.

க்ரூப்செட்டில் ஷிமானோ என்றால், 12 ஸ்பீடில் கேபிளால் கியர் மாறும் ரோடு செட் 105 என்ற மாடல் வரைதான். அதற்கு மேலுள்ள அல்டெக்ராவும் டியூரா ஏஸும் 12 ஸ்பீடில் எலெக்ட்ரானிக் மட்டுமே. உங்களுக்கு 105 கேபிள் செட்டே போதும். மிச்சத்தை வீலில் போடுங்கள். டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம் வாங்கினால் டயரில் 5 பாருக்கு மேல், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல், காற்று ஏற்றக் கூடாது. அந்த ரிம்முக்கு ஏற்றது என்று டயர் கம்பெனியே சொன்ன டியூப்லெஸ் டயராகவும் இருக்க வேண்டும். பழக்கத்தில் 100 பிஎஸ்ஐ அடிப்பவராக இருந்தால் கொக்கி உள்ள ரிம்மே வாங்குங்கள். லாரிச் சக்கரம் அரைத்த அந்த ரோட்டுக்கு 30 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் நுழையும் ஃப்ரேம் வேண்டும்.

எடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சர்வதேசப் பந்தயத்திலேயே வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐயின் விதி. மேடே இல்லாத நம் ஊரில் நூறு கிராமுக்குப் பத்தாயிரம் கொடுப்பது வீண்.

அளவு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. 54, 56 என்ற நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஃப்ரேமின் முன் கழுத்து உச்சிக்கு உள்ள உயரமான ஸ்டாக், முன்னோக்கிய தூரமான ரீச் என்ற இரண்டு அளவைத்தான் ஒப்பிட வேண்டும். இப்போதைய வண்டியில் உடம்பு நோகாமல் ஓட்டுகிறீர்கள் என்றால், சீட் உயரம், சீட் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரம், இரண்டுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் மூன்றையும் டேப் வைத்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். முதுகோ கையோ மரத்துப்போகிறது என்றால் ஃப்ரேம் வாங்கும் முன்பே ஃபிட்டிங் பார்ப்பவரிடம் போய்விட்டு வாருங்கள். ஹேண்டில்பார் அகலம், ஸ்டெம் நீளம், கிராங்க் நீளம் மூன்றும் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி முதலிலேயே கிடைப்பது கோர்ப்பவருக்கு மட்டும் உள்ள வசதி.

ஆர்டர் போடும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் அலுமினிய வண்டியை ஃப்ரேம் மட்டும் மிஞ்சும் வரை கழற்றிச் சுத்தம் செய்து, திரும்பக் கோர்த்துவிடுங்கள். கியர் தட்டாமல் மாறுகிறதா, பிரேக் உரசாமல் நிற்கிறதா, முக்கியமாக அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்ததா? பாதியில் சலித்துப்போனால் தயங்காமல் கடையில் முழு வண்டியை எடுங்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை, நல்ல வண்டிதான் கிடைக்கும்.

ஃபிட்டருக்குக் கைக்கணக்குப் பழக்கம். கார்பனில் அதை நம்பாதீர்கள். சீட் போஸ்ட் கிளாம்புக்கும் ஸ்டெம் போல்ட்டுக்கும் இறுக்கும் அளவு பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். அந்தந்தப் பாகத்தின் மேலேயே அச்சடித்திருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். கார்பன் சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ் போடாமல் கார்பன் பேஸ்ட் தடவுங்கள், குறைந்த இறுக்கத்திலேயே நழுவாமல் பிடிக்கும். கார்பனில் போய் மாட்டும் ஒவ்வொரு அலுமினிய, இரும்பு போல்ட்டின் மரையிலும் கிரீஸ் இருக்கட்டும். இரண்டு வேறு பொருள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் இருந்தால் உலோகத்தை அரித்து, கழற்ற முடியாதபடி பிடித்துவிடும். பிரேக்கில் ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பெரும்பாலான டிஸ்க் பிரேக்குக்கு டாட் ஆயில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு பிரேக்கே பிடிக்காது. முதல் முறை ஆயில் நிரப்புவதை மட்டும் நல்ல சர்வீஸ் கடையில் கூட நின்று பாருங்கள், அடுத்த முறை நீங்களே செய்யலாம்.

ஃபோர்க் குழாயை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வெட்டுங்கள். அதுவரை ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் வளையம் போட்டு ஒரு மாதம் ஓட்டி, உயரம் சரிதானா என்று பாருங்கள். வெட்டும்போது மேல் ஸ்பேசரின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே குழாய் முடிய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மேல் மூடி பேரிங்கை இறுக்காது. கார்பனுக்கான பொடிப்பல் பிளேடு, வெட்டும் இடத்தில் தண்ணீர், முகத்தில் மாஸ்க் மூன்றும் இருக்கட்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பட்டறையில் ஏர் அடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.