ரஃப் தோளில் சரிகிறதா? 1590-களின் கழுத்து மடிப்பைத் தைக்கும் முறை

கேள்வி: 1590-களின் லண்டனில் நடக்கும் நாடகத்துக்காக 'ரஃப்' எனும் வெள்ளை மடிப்புக் கழுத்தணி தைத்தோம். கெட்டியான பாலியஸ்டர் சாட்டின் எடுத்தும், முதல் அங்கம் முடிவதற்குள் தோளில் சரிந்துவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: கெட்டித் துணி எடுத்ததுதான் கோளாறு. ரஃப் நிற்பது கஞ்சியால். கனமான துணி தன் எடையாலேயே மடிப்பை இழுத்துவிடும். அதோடு பாலியஸ்டர் இழையில் கஞ்சி பிடிக்காது. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தவர் மெல்லிய லினன் எடுத்தார்கள். சட்டைக் கழுத்தின் சிறு சுருக்காகத்தான் ரஃப் தொடங்கியது. 1564-இல் லண்டனுக்கு வந்த டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண்மணி கட்டணம் வாங்கிக்கொண்டு கஞ்சி போடக் கற்றுத்தந்தார். கஞ்சி பரவிய பிறகே ரஃப் தட்டுப் போல அகன்றது.

லினனுக்குப் பதில் மெல்லிய மல் துணியோ காட்டன் ஆர்கண்டியோ போதும். 44 அங்குல அகலத்தில் அரை மீட்டர் வாங்குங்கள். 10 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி நீளவாக்கில் இணைத்தால் சுமார் 320 செ.மீ. வரும். இரு ஓரமும் மடித்தபின் அகலம் 8 செ.மீ. வெளி ஓரத்தை மிக மெல்லிதாகச் சுருட்டிக் கையால் தையுங்கள். அங்கே தையல் தடித்தால் மடிப்பின் வளையம் கவிழும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் புடவைக் கொசுவம் போலத் தட்டையாக மடித்திருக்கிறீர்கள். ரஃபுக்கு அது ஆகாது. உள் ஓரத்தில் 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, ஊசியைப் புள்ளிக்குப் புள்ளி மேலும் கீழுமாக விடுங்கள். முதல் வரிசைக்கு 5 மி.மீ. தள்ளி, அதே புள்ளிகளுக்கு நேராக இன்னொரு வரிசை. இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால் 40 மடிப்புகள் எழும். புள்ளி பிசகினால் மடிப்பு கோணும். இதில் அவசரம் வேண்டாம். 40 செ.மீ. கழுத்துக்கு, 4 செ.மீ. அகலமுள்ள இரட்டை மடிப்புப் பட்டியில், செ.மீ.க்கு ஒரு மடிப்பாகப் பரப்புங்கள். ஒவ்வொரு மடிப்பின் மேல்நுனியைப் பட்டியின் மேல் விளிம்பிலும் கீழ்நுனியைக் கீழ் விளிம்பிலும் இரண்டிரண்டு தையலால் பிடியுங்கள்.

கஞ்சிக்கு 40 கிராம் சோள மாவை (கார்ன்ஃப்ளவர்) முதலில் குளிர்ந்த நீரில் கரைத்து, மொத்தம் அரை லிட்டராக்கி, கண்ணாடி போலத் தெளியும்வரை கிளறிக் காய்ச்சி, துணியில் வடிகட்டுங்கள். கட்டி இருந்தால் மல்லில் வெள்ளைத் திட்டாகக் காயும். ரஃபை முழுக்க நனைத்து, பிழியாமல் கையால் தட்டி, காயவிடுங்கள். பளிச்சென்று தெரிய வேண்டுமென்று நீலம் கலக்காதீர்கள். 1590-களில் நீலக் கஞ்சி கூடாதென்று அரசியே உத்தரவிட்டார்.

காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்து மடிப்புகளை வளையங்களாகப் பிடிக்க வேண்டும். அன்று முதலில் மரக்குச்சியும் எலும்புக் குச்சியும், பிறகு சூடாக்கிய எஃகுக் குச்சியும் வைத்தார்கள். உங்களுக்கு 16 மி.மீ. முடி சுருட்டும் கருவி சரியாக இருக்கும். வெளி ஓரத்திலிருந்து நுழைத்து, ஈரம் போகும்வரை பிடியுங்கள். மேல் வளையம், கீழ் வளையம் என மாறி மாறிச் செய்தால் எட்டு வடிவம் வரும். வளையங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அவர்கள் ஊசி குத்தினார்கள். நடிகரின் தாடைக்கு நூல் முடிச்சே பாதுகாப்பு.

8 செ.மீ. ரஃபுக்குக் கம்பி வேண்டாம். 12 செ.மீ.க்கு மேல் போனால் கீழே கம்பித் தாங்கி வைத்து, பின்பக்கம் சற்று உயர்த்துங்கள். வேலைக்காரர் வேடத்துக்கு 4 செ.மீ. போதும், அதற்குப் புள்ளிகளின் இடைவெளியையும் 2 செ.மீ. ஆகக் குறையுங்கள்.

வியர்வையும் ஈரக்காற்றும் கஞ்சியை இளக்கும். ஆகவே பட்டியின் உட்புறம் கழற்றக்கூடிய பருத்தித் துண்டு ஒன்றை ஊசியால் குத்தி வையுங்கள். காட்சி முடிந்ததும் ரஃபை மூடிய வட்டப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தட்டையாக வைக்கலாம். துவைத்தால் கஞ்சி முழுவதும் போய்விடும். நூல் முடிச்சை அவிழ்த்துத் துவைத்து, கஞ்சியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு முழு ஒரு நாள் ஒதுக்குங்கள்.