எந்த உரைக்கு கேட் கருவி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நாவல் மொழிபெயர்க்கிறேன். கேட் கருவி உதவுமா?

அதிகம் உதவாது. கேட் கருவி என்பது மொழிபெயர்ப்பாளருக்கு உதவும் மென்பொருள்; முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களை நினைவகத்தில் சேர்த்துவைத்து, அதே போன்ற வாக்கியம் வரும்போது எடுத்துக் காட்டும். நாவலில் ஒரே வாக்கியம் மறுபடி வருவது அரிது. நினைவகம் சும்மா கிடக்கும். ஆட்பெயர், ஊர்ப்பெயர் கடைசிவரை மாறாமலிருக்க டெர்ம்பேஸ் (சொற்பட்டியல்) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரக் கையேடு ஒன்றின் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது. பழையதும் நான் செய்ததுதான்.

கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பழைய மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அலைன் செய்து, அதாவது வாக்கியத்துக்கு வாக்கியம் ஜோடி சேர்த்து, நினைவகமாக்குங்கள். 75 சதவீதத்துக்குக் கீழான மேட்ச்களை (நினைவகத்தில் ஒத்துப்போகும் வாக்கியங்களை) திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே பெரும்பாலும் வேகம். 100 சதவீதம் என்று காட்டினாலும் படித்துப் பாருங்கள். ஒத்துப்போவது மூலம் மட்டுமே, இடம் வேறாக இருக்கலாம்.

ஸ்கேன் செய்த ஒப்பந்தத்தை ஓசிஆர் செய்து (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு உரையாக்கி) ஏற்றினேன். மேட்ச்சே வரவில்லை. கருவியில் கோளாறா?

கருவியில் கோளாறில்லை. ஒப்பந்தம் கருவிக்கு மிகவும் ஏற்ற உரை, ஷரத்துகள் அப்படியே திரும்பத் திரும்ப வரும். கெடுத்தது கோப்புதான். ஓசிஆர் பல நேரம் ஒவ்வொரு அச்சு வரியின் முடிவிலும் பத்தியை முறித்துவிடும். ஒரு வாக்கியம் மூன்று செக்மென்ட் (கருவி தனித்தனியாகக் காட்டும் துண்டு) ஆகிவிட்டால் பழைய முழு வாக்கியத்தோடு எப்படிப் பொருந்தும்?

மேட்ச் வராதது சின்ன நஷ்டம். ஆங்கிலத்தில் வினை பெரும்பாலும் முன் துண்டுகளிலேயே வந்துவிடும், தமிழில் பெரும்பாலும் கடைசித் துண்டில்தான் வரும். நீங்கள் எப்படியோ சமாளித்து முடித்த துண்டுகள் தவறான ஜோடிகளாக நினைவகத்தில் ஏறிவிடும். அடுத்த ஒப்பந்தத்தில் 100 சதவீதம் என்ற முத்திரையோடு வந்து நிற்கும். இப்படிப் பாழான நினைவகங்களைச் சுத்தம் செய்யச் சொல்லி என்னிடம் அனுப்புகிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. கோப்பை ஏற்றுமுன் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இந்த வேலையே இல்லை.

முதலில் மூல வேர்ட் கோப்பைக் கேளுங்கள், தர மறுத்தால் இன்னொரு முறை கேளுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் வேர்டில் பத்திக் குறிகளைக் காட்டச் செய்து, தேவையற்ற முறிவுகளை நீக்கி, எண்களையும் தேதிகளையும் படத்தோடு ஒப்பிட்டபின் ஏற்றுங்கள். முத்திரையும் கையெழுத்தும் நிறைந்த இரண்டு பக்கச் சான்றிதழா? கருவியை விடுங்கள், நேராக வேர்டில் தட்டச்சு செய்யுங்கள்.

நாலு வரி விளம்பர வாசகம்?

வேண்டாம்.

செயலியின் ஸ்ட்ரிங்குகளில் (திரையில் தெரியும் வாசகங்களில்) டேக்குகள் (நடுவே வரும் குறியீடுகள்) இடைஞ்சலாக இருந்ததால் அழித்துவிட்டேன். சரிதானே?

தவறு. பயனர் பெயரும் எண்ணிக்கையும் அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். தமிழ் வாக்கிய அமைப்புக்கு ஏற்ப டேக்கை நகர்த்தலாம், நீக்கக் கூடாது. ஒப்படைக்குமுன் கருவியின் கியூஏ (தரச்) சோதனையை ஓட்டுங்கள்.

எது நல்ல கருவி?

என்ன உரை, என்ன கோப்பு, எவ்வளவு சொல் என்று எதுவுமே எழுதவில்லை நீங்கள். பழகிப்பார்க்க ஒமேகாடி என்ற கருவி போதும், இலவசம். எதை வாங்கினாலும் நினைவகத்தை டிஎம்எக்ஸ் (பல கருவிகளும் படிக்கக்கூடிய பொது) வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்றுமுன் கோப்பைத் திறந்து பாருங்கள்.