69.8 கிலோவை ஸ்டோனில் காட்டுவது எப்படி?

கேள்வி: உடல் எடையைக் குறித்து வைக்கும் ஆப் ஒன்றை ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் எழுதுகிறேன். அமெரிக்கா என்றால் பவுண்டு, பிரிட்டன் என்றால் ஸ்டோன், மற்றவர்களுக்குக் கிலோ என்று இஃப் போட்டிருக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. அலகை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை.

முதலில் டேட்டாபேஸில் கிலோவை மட்டும் வையுங்கள், ரவுண்ட் செய்யாமல். ஒருவர் 160 பவுண்டு என்று போடுகிறார். அதை 72.6 கிலோவாகச் சுருக்கிச் சேமித்தால், அடுத்த முறை திறக்கும்போது 160.1 என்று காட்டும். தான் போடாத எண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஆப் மேல் நம்பிக்கை போய்விடும். ரவுண்ட் செய்வது திரையில் காட்டும்போது மட்டும்தான்.

ஸ்டோனில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1 ஸ்டோன் 14 பவுண்டு. 1 பவுண்டு 0.45359237 கிலோ. 69.8 கிலோ என்பது சுமார் 153.88 பவுண்டு. அதை முதலில் 14ஆல் வகுத்தால் 10 ஸ்டோனும் மீதி 13.88 பவுண்டும் வரும். மீதியை ரவுண்ட் செய்தால் ‘10 ஸ்டோன் 14 பவுண்டு’. அப்படி ஓர் எடையை பிரிட்டனில் யாரும் சொல்ல மாட்டார்கள். மொத்தத்தை 154 ஆக்கிவிட்டு அப்புறம் வகுத்தால் சரியாக 11 ஸ்டோன்.

ஐபோனில் ஐஓஎஸ் 15 முதல், மெஷர்மென்ட்டை ஃபார்மேட் செய்யும்போது யூசேஜ் என்ற இடத்தில் ‘பெர்சன்வெயிட்’ என்று கொடுத்தால், ஊருக்கு ஏற்ற அலகை அதுவே தேர்ந்தெடுக்கும். ஆண்ட்ராய்டின் மெஷர்ஃபார்மேட் அப்படி மாற்றித் தராது. கணக்கை நீங்கள் போட்டு ஸ்டோனையும் பவுண்டையும் கொடுத்தால், சேர்த்து எழுதித் தரும்.

எண்ணை வாங்கும் இடத்தையும் பாருங்கள். ஜெர்மனியில் 72,5 என்று கமா போட்டுத்தான் எழுதுவார்கள். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கோட்லின் மொழியில், எழுத்தை எண்ணாக மாற்றும் டுடபுள் அதைப் பார்த்ததும் எர்ரர் வீசும். அதற்குப் பயந்து கமாவை நீக்கினீர்களோ, எடை 725 கிலோ! அந்தந்த ஊர் வழக்கப்படி எண்ணைப் படிக்கும் நம்பர்ஃபார்மேட்டை வைத்தே படியுங்கள். சர்வருக்கு அனுப்பும்போது மட்டும், எந்த ஊர் வழக்கையும் சாராத லோகேல் ரூட்டில் எண்ணை எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கமா அங்கேயும் போய் நிற்கும்.

உங்கள் இஃப் வீண் இல்லை, ஆப்பை முதன்முறை திறக்கும்போது எதைக் காட்டுவது என்று முடிவு செய்ய உதவும். ஆனால் டல்லாஸில் இருக்கும் நம்மவர் கிலோவிலேயே பார்க்க விரும்பலாம். செட்டிங்ஸில் அலகை மாற்ற ஒரு வழி வைத்து, அவர் தேர்ந்தெடுத்ததற்கே முதலிடம் கொடுங்கள்.