வில்லுக்கு ஏத்த அம்பு எது? கேளுங்க, சொல்றேன்

மரபு வில் வச்சிருக்கவங்க அம்பு சம்பந்தமா என்ன சந்தேகம்னாலும் இங்கயே கேக்கலாம். கேக்கும்போது மூணு விஷயத்தைச் சேத்து எழுதுங்க: வில் என்ன வகை, அதுல என்ன பவுண்டு (இழுக்கத் தேவையான பலம்) போட்டிருக்கு, நீங்க எத்தனை இன்ச் இழுக்குறீங்க. இது மூணும் தெரியாம யாராலயும் பதில் சொல்ல முடியாது.

பெரம்பூர்: மாஸ்டர், மரத்துல கண்ணாடியிழை ஒட்டின ரிகர்வ் (நுனி ரெண்டும் முன்பக்கம் வளைஞ்ச வில்) வாங்கியிருக்கேன். 28 இன்ச்சுக்கு 45 பவுண்டுன்னு எழுதியிருக்கு. நான் 26 இன்ச் தான் இழுக்குறேன், வலக்கை. கடையில 400 ஸ்பைன் கார்பன் அம்பு குடுத்தாங்க. எல்லாம் இடது பக்கமாவே போய் விழுது.

பதில்: தம்பி, கேள்வியை ஒழுங்கா கேட்டிருக்கீங்க, அதனால விரிவாவே சொல்றேன். உங்க அம்பு அந்த வில்லுக்கு ரொம்ப விறைப்பு. வில்லுல எழுதியிருக்குற 45 பவுண்டு, 28 இன்ச் இழுக்குறவருக்கு. ஒரு இன்ச் குறைஞ்சா ரெண்டு, மூணு பவுண்டு குறையும். உங்க கையில அது சுமார் 40 பவுண்டு வில் தான்.

நாணை விட்டதும் அம்பு நேரா பாயுதுன்னு தான் எல்லாரும் நினைக்குறாங்க. விரல்ல இருந்து நழுவும்போது நாண் கொஞ்சம் பக்கவாட்டுல ஒதுங்குது, பின்னால இருந்து தள்ளுது. அந்த அழுத்தத்துல தண்டு ஒரு பக்கம் வளைஞ்சு, அடுத்த நொடியே மறுபக்கம் வளைஞ்சு, வில்லோட பிடியை உரசாம மீன் நெளியுற மாதிரி சுத்திக்கிட்டுப் போகுது. 1930கள்ல அமெரிக்காவுல க்ளாரன்ஸ் ஹிக்மன்னு ஒரு விஞ்ஞானி இதை அதிவேக கேமராவுல படம் பிடிச்சே காட்டினார். தேவையான அளவு வளையாத அம்பு பிடியில மோதி இடப்பக்கம் தள்ளப்படும். ரொம்ப வளையுறது வலப்பக்கம் போகும்.

இந்த வளைவைத் தான் ஸ்பைன்னு சொல்றோம். கார்பனை 28 இன்ச் இடைவெளியில ரெண்டு முட்டு மேல வச்சு, நடுவுல 880 கிராம் தொங்கவிட்டு அளப்பாங்க. 0.4 இன்ச் இறங்கினா 400, 0.6 இறங்கினா 600. அப்போ எண் கூடக்கூட அம்பு தளர்வு. மர அம்புக்கு இடைவெளி 26 இன்ச், எடை 2 பவுண்டு, கணக்கும் வேற: 26-ஐ இறங்கின அளவால வகுக்கணும். 0.52 இன்ச் இறங்கினா 50 பவுண்டு ஸ்பைன். இங்க எண் கூடினா விறைப்பு. ரெண்டையும் குழப்பிக்கிட்டு காசைத் தொலைச்சவங்க நிறைய.

உங்களுக்கு 600-ல மூணே மூணு தண்டு போதும், முழு நீளத்துல, வெட்டாம வாங்குங்க. ஒண்ணுல இறகு ஒட்டாதீங்க. பத்துப் பதினஞ்சு மீட்டர்ல மூணையும் விடுங்க. இறகில்லாதது மத்த ரெண்டுக்கும் வலது பக்கம் விழுந்தா தளர்வு, கால் இன்ச் வெட்டிட்டு மறுபடி விடுங்க. இடது பக்கம் விழுந்தா விறைப்பு, முனையில எடையைக் கூட்டுங்க. வெட்டினதை ஒட்ட முடியாது, நிதானமா வெட்டுங்க.

இன்னொண்ணு. கார்பன் அம்பை ஒவ்வொரு தடவையும் விடுறதுக்கு முன்னால ரெண்டு கையாலயும் வளைச்சு, காதுகிட்ட வச்சுக் கேளுங்க. லேசா நொறுங்குற சத்தம் வந்தாலும் உடைச்சுப் போட்டுடுங்க. விரிசல் விட்ட கார்பன் நாண்ல வெடிச்சா சிலாம்பு உள்ளங்கையில ஏறும்.

கொருக்குப்பேட்டை: 40 பவுண்டு வில், எந்த அம்பு மாஸ்டர்?

பதில்: மேல கேட்ட மூணு விவரத்தையும் எழுதுங்க.

திருவொற்றியூர்: சார், நான் கொரியன் மாதிரி குதிரை வில், கட்டைவிரல் மோதிரம் போட்டு விடுறேன். அம்பை வலது பக்கம் வைக்குறேன். கிளப்புல எல்லாரும் தப்புன்னு சொல்றாங்க. ஸ்பைனும் மாறுமா?

பதில்: தப்பே இல்லம்மா, நீங்க வைக்குறது தான் சரி. மூணு விரலால இழுக்குறப்போ அம்பு இடது பக்கம். கட்டைவிரலால இழுத்தா கை முறுக்குறதுல அம்பு வில்லோட வலப்பக்கம் ஒட்டி நிக்கும். துருக்கி, மங்கோலியா, கொரியா எல்லாத்துலயும் இதே தான். ஜப்பான்ல ரெண்டு மீட்டருக்கு மேல உயரமான வில்லுலயும் அம்பு வலப்பக்கம் தான். அதனால பெரம்பூர் தம்பிக்குச் சொன்ன இடது வலது கணக்கை நீங்க அப்படியே திருப்பிப் படிக்கணும்.

குதிரை வில்லுல அம்பு உக்காற வெட்டு இருக்காது, பிடியோட முழு அகலத்தையும் அது சுத்திப் போகணும். அதனால அதே பவுண்டுல ரிகர்வுக்கு வாங்குறதை விட ஒரு படி தளர்வா எடுங்க. விட்ட நொடியில இடது கையால வில்லைத் திருப்பி விலக்கப் பழகிட்டீங்கன்னா கொஞ்சம் விறைப்பானதும் போகும், ஆனா அது கைக்கு வர நாளாகும். அம்பு உங்க கை மேலயே உரசிப் போறதால இறகோட முன் நுனியை நூலால இறுக்கிச் சுத்தி பசை தடவுங்க. அந்தக் குச்சி முனை தோலைக் கிழிக்கும். காசிமேட்டு வலைக்கடை மெல்லிசு நைலான் நூல் போதும்.

மாதவரம்: பிளாஸ்டிக் இறகு போட்டா மழைக்கு நல்லதுல்ல?

பதில்: வில் மேலயே வச்சு விடுறவங்களுக்கு வேணாம். பிளாஸ்டிக் மடங்காது, பிடியில பட்டு அம்பைத் தட்டிவிடும். நிஜ இறகு தான். ஒரு அம்புல எல்லா இறகும் ஒரே பக்கச் சிறகுல இருந்து வந்ததா இருக்கணும்.

எண்ணூர்: மூங்கில்ல நானே அம்பு செய்யலாமா மாஸ்டர்?

பதில்: தாராளமா. நம்ம நாட்டுப் போட்டிகள்ல இந்தியன் ரவுண்டுன்னு ஒரு பிரிவே மூங்கில் வில்லுக்குத் தான், 30, 50 மீட்டர்ல. முத்தின, நல்லா காஞ்ச, கணு நெருக்கமில்லாத தண்டாப் பாருங்க. அனல்ல காட்டி, சூடா இருக்கும்போதே நிமித்தணும். கணுகிட்ட தான் கோணல் இருக்கும், அங்க பொறுமை வேணும். நாண் உக்காருற வெட்டுக்குக் கீழ நூல் சுத்தாம விட்டுடாதீங்க, பிளந்துடும்.

ஸ்பைன் அளக்க கருவி வாங்க வேணாம். பலகையில 26 இன்ச் தள்ளி ரெண்டு ஆணி, நடுவுல 907 கிராம் மணல் பை, பக்கத்துல ஒரு ஸ்கேல். மூங்கிலை உருட்டி உருட்டி அளந்தா ஒவ்வொரு பக்கமும் வேற வேற காட்டும். விறைப்பான பக்கத்தைக் குறிச்சு, அது வில்லைப் பாத்து இருக்குற மாதிரி எல்லா அம்புலயும் வெட்டு போடுங்க. இருபது தண்டு செஞ்சா ஒத்துப்போறது ஆறு தேறும், அந்த ஆறு தான் உங்க செட். எண்ணூர் கடல் காத்துல ஈரம் ஏறும், வார்னிஷ் ரெண்டு கை அடிங்க. மழைக்காலம் முடிஞ்சதும் மறுபடி நேரா இருக்கான்னு பாருங்க.

வியாசர்பாடி: மொட்டை மாடில பழகலாமா?

பதில்: கூடாது. ஒரு அம்பு தவறினா பக்கத்துத் தெருவுல விழும்.

செங்குன்றம்: முயல் அடிக்க எந்த முனை?

பதில்: 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைக்குத் தடை. இதுக்கு இங்க பதில் கிடையாது.

பழைய வண்ணாரப்பேட்டை: ஐயா, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கப் புலவர் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடும்போது ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு வரை துளைத்ததாகச் சொல்கிறார். அப்படியொரு அம்பு இருந்திருக்குமா?

கொளத்தூர்: பாட்டுல புகழ்ந்து சொன்னதுங்க. அந்தக் காலத்து மர அம்பு இன்னைக்கு கார்பன் வேகத்துக்குக் கிட்டகூட வராது.

பழைய வண்ணாரப்பேட்டை: புகழ்ச்சி என்றாலும் வில்லறியாதவர் பாட முடியாத பாட்டு அது.

பதில்: ஐயா, வணக்கம். யானையைத் துளைச்சு வெளிய வந்து புலியையும் கொல்ற அம்பு எந்த வில்லுலயும் இல்ல. மானை ஒரு அம்பு முழுசா ஊடுருவிப் போறது நடக்குறது தான். ஆனா கொளத்தூர் தம்பி சொன்னதை ஏத்துக்க மாட்டேன். வேகமும் ஊடுருவுறதும் ஒண்ணு இல்ல. ஒரே வில்லுல 300 கிரெயின் (அம்பு எடைக்கான அளவு, ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்) அம்பையும் 600 கிரெயின் அம்பையும் விட்டுப் பாருங்க. கனமானது மெதுவா கிளம்பும், ஆனா வில்லோட சக்தியை அதிகமா வாங்கிக்கிட்டுப் போகும், பட்ட இடத்துல நிக்காம உள்ள போகும். இங்கிலாந்துல 1545-ல மூழ்கின மேரி ரோஸ் கப்பலை 1982-ல தூக்கினப்போ அதோட வில்லுங்களும் ஆயிரக்கணக்கான அம்பும் கிடைச்சுது. பெரும்பாலும் 100 பவுண்டைத் தாண்டின வில்லுங்க, அதுக்கேத்த தடிமனான பாப்லர் மர அம்புங்க. அந்த வில்லுக்கு இன்னைக்கு நாம விடுற மெல்லிசு கார்பனைக் குடுத்தா வில்லே போயிடும்.

கொளத்தூர்: அப்போ கனமா இருந்தா எல்லாத்துக்கும் நல்லதா மாஸ்டர்? தூரம் போகாதே.

பதில்: தூரம் குறையும், உண்மை தான். அதான் துருக்கிக்காரங்க தூரப் போட்டிக்கு தனியா லேசான அம்பு செஞ்சாங்க. நமக்கு ஒரு பவுண்டுக்கு 8ல இருந்து 10 கிரெயின். 40 பவுண்டுன்னா 320ல இருந்து 400, கிராம்ல 21ல இருந்து 26. சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழ போறது கிட்டத்தட்ட வெறும் நாணை இழுத்து விடுறதுக்குச் சமம், வில் கையிலயே உடையலாம். ஓரியோட வில்லும் அம்பும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தியிருக்கும்ங்குறதுல எனக்குச் சந்தேகமே இல்ல ஐயா. மலைக்காட்டுல வேட்டையாடுறவன் பொருந்தாத அம்போட ஒரு நாள்கூட காலம் தள்ள முடியாது.

மூலக்கடை: 40 பவுண்டு ரிகர்வ், எந்த ஸ்பைன்?

பதில்: பெரம்பூர் தம்பிக்கு எழுதினதைப் படிங்க. இழுப்பு எத்தனை இன்ச்சுன்னு சொல்லாம இனிமே கேக்குறவங்களுக்குப் பதில் எழுத மாட்டேன். கார்பனா இருந்தா வளைச்சுக் கேளுங்க, அதையும் திரும்பச் சொல்லிடுறேன்.

தண்டையார்பேட்டை: சார், பையனுக்கு 12 வயசு, 16 பவுண்டு மர வில், 22 இன்ச் இழுக்குறான். என் பழைய கார்பன் அம்பை 22 இன்ச்சுக்கு வெட்டிக் குடுத்திருக்கேன். சரி தானே?

பதில்: உடனே நிறுத்துங்க. இழுப்பு அளவுக்கே வெட்டின அம்பு, பையன் கொஞ்சம் அதிகமா இழுத்தாலே முனை பிடியைத் தாண்டி உள்ள வந்துடும். அப்போ விட்டா அவன் இடது கையிலயே பாயும். வளர்ற பசங்களுக்கு இழுப்பை விட மூணு இன்ச்சாவது நீளமா இருக்கணும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இழுப்பை அளக்கணும். உங்க அம்பு அவன் வில்லுக்கு விறைப்பும் கூட. தளர்வான மர அம்போ ஃபைபர் கிளாஸ் அம்போ வாங்குங்க. ஞாயித்துக்கிழமை காலையில பையனையும் வில்லையும் கூட்டிட்டு மைதானத்துக்கு வாங்க, நானே அளந்து சொல்றேன். அதுவரைக்கும் அந்த அம்புங்களை அவன் கைக்கு எட்டாத இடத்துல வச்சிடுங்க.